பால் பிறக்கும் ஊரிலே

பெயரிலேயே ஆனந்தத்தை வைத்துக்கொண்டிருக்கும் ஊர்கள் நம் தேசத்தில் எத்தனை இருக்கும்? குஜராத்தில் ஒன்று இருக்கிறது. வடோதராவிலிருந்து அகமதாபாத்துக்குப் போகும் ரயில் பாதையில், வடோதராவைத் தாண்டி முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிடுகிறது அந்த ஸ்டேஷன். ஊரின் பெயர் ஆனந்த்.

"ஆனந்துக்கா? அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று கிளம்பும்போதே என் தோழிகள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அங்கே வானளாவும் கோபுரம் இல்லை. காதலிக்குக் கட்டிய சலவைக்கல் மாளிகை இல்லை. மலையும் இல்லை, கடலும் இல்லை. பால் இருக்கிறது. அதைத்தான் பார்க்கப் போனேன்.

காலையில் வாசல் கதவைத் திறந்ததும் பையில் கிடக்கும் பால் பாக்கெட்டை எடுத்து, நுனியைக் கத்தரித்து, பாத்திரத்தில் ஊற்றிக் காய்ச்சுகிறீர்கள். அந்தப் பால் எங்கே பிறந்தது என்று எப்போதாவது யோசித்ததுண்டா? "பால் பண்ணையில்" என்பீர்கள். அங்கே பால் குளிர்கிறது, சூடாகிறது, பாக்கெட்டில் புகுகிறது. ஆனால் பிறப்பது அங்கே இல்லை. ஏதோ ஒரு கிராமத்தில், ஒரு வீட்டுக் கொல்லையில், ஒரு மாட்டின் வயிற்றில், வைக்கோலும் தவிடும் புல்லும் சேர்ந்து பாலாகிற அதிசயம் நடக்கிறதே, அங்கேதான் பிறக்கிறது. பால் விலை ஏறும்போதெல்லாம் நாம் முணுமுணுக்கிறோம். ஆனால் ஒரு லிட்டர் பாலை உண்டாக்க ஆகும் செலவில் பாதிக்கு மேல் தீவனத்துக்கே போகிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஆகவே நான் ஆனந்துக்குப் போனது இயந்திரங்களைப் பார்க்க மட்டும் அல்ல, மாட்டுத் தொட்டியை எட்டிப் பார்க்கவும்தான்!

சரோதர் பூமி

மஹீ நதிக்கும் சாபர்மதி நதிக்கும் இடையே உள்ள இந்தப் பிரதேசத்துக்குச் சரோதர் என்று பெயர். வண்டல் படிந்த நல்ல பூமி. வழியெல்லாம் வாழைத் தோட்டங்களும் புகையிலைக் கொல்லைகளும். வீட்டுக்கு வீடு எருமை. 'ஸுர்தி' என்று ஒரு ஜாதி எருமை இங்கே உண்டு. கொம்பு அரிவாள்போல் வளைந்திருக்கும். உருவத்தில் பெரிது என்று சொல்ல முடியாது. ஆனால் பாலில் நெய்ச்சத்துக்குப் பேர் போனது.

எனக்கு மொழி தெரியாத குறையை, அங்கே பல வருஷங்களாகக் குடியிருக்கும் ஒரு தமிழ் மாமி தீர்த்து வைத்தார். "வாம்மா, வந்து முதல்லே ஒரு வாய் காபி சாப்பிடு. அப்புறம் எருமையைப் பார்க்கலாம்" என்று வரவேற்றார். காபி கள்ளிச்சொட்டாக இருந்தது. இருக்காதா பின்னே, எந்த ஊர்ப் பால்!

குஜராத்தியில் சகோதரியைப் 'பேன்' என்று அழைக்கிறார்கள். தமிழில் அப்படியே எழுதினால் தலையில் ஊர்கிற பேனாகிவிடுமே என்று பயந்து, 'பென்' என்று எழுதுகிறேன். மன்னியுங்கள்.

சாயங்காலம் ஐந்தரை மணிக்கு ஒரு கிராமத்துப் பால் சங்கத்துக்குப் போனோம். இவர்கள் பாஷையில் 'தூத் மண்டலி'. வாசலில் நீண்ட வரிசை. அதில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். முக்காடு போட்ட பாட்டிகள், பாவாடை தாவணி மாதிரி உடுத்திய மருமகள்கள், பள்ளிக்கூடச் சீருடையைக்கூட மாற்றாத சிறுமிகள். எல்லோர் கையிலும் தூக்கு. ஒவ்வொருவராக வந்து பாலை ஊற்றுகிறார்கள். எடை தெரிகிறது, துளிப் பாலை இயந்திரம் உறிஞ்சுகிறது, நெய்ச்சத்து இவ்வளவு என்று எண் விழுகிறது, எத்தனை ரூபாய் என்று சீட்டு வருகிறது. எல்லாம் ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடுகிறது. ஜாதி கேட்பார் இல்லை. முதலாளி வீட்டுப் பெண்ணுக்கு முன்வரிசை இல்லை. வந்த வரிசைப்படிதான் நிற்க வேண்டும்.

பாலை அளந்து மட்டும் வாங்குவதில்லை என்பதைக் கவனித்தீர்களா? நெய்ச்சத்துக்கும் சேர்த்துத்தான் காசு. தண்ணீர் கலந்தால் தனக்கே நஷ்டம். இந்தச் சீட்டை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

பிரதம மந்திரி தங்கிய இரவு

இந்த வரிசை சும்மா வந்துவிடவில்லை. 1946-ம் வருஷத்துக்கு முன் இந்த ஜில்லாப் பால் முழுவதும் ஒரே கம்பெனியின் கைக்குப் போய்க்கொண்டிருந்தது. கம்பெனி சொன்னதே விலை. விவசாயிகள் சர்தார் படேலிடம் போய் முறையிட்டார்கள். "உங்கள் பாலை நீங்களே விற்றுக்கொள்ளுங்கள், கூட்டுறவு சங்கம் வையுங்கள்" என்பது அவருடைய யோசனை. திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் ஊர் ஊராகப் பேசிச் சேர்த்து, 1946 டிசம்பர் 14-ம் தேதி சங்கம் பதிவாயிற்று. அதுதான் பிற்பாடு 'அமுல்' என்று உலகப் பிரசித்தி பெற்றது.

1949-ல் இங்கே வந்து சேர்ந்தவர் வர்கீஸ் குரியன். பிறந்தது கோழிக்கோட்டில். ஆனால் அவரிடம் நமக்கும் கொஞ்சம் உரிமை உண்டு: படித்தது சென்னை லயோலா கல்லூரியிலும் கிண்டி இன்ஜினீயரிங் கல்லூரியிலும். சர்க்கார் உத்தியோகத்துக்காக வேண்டாவெறுப்பாக இந்த ஊரில் வந்து இறங்கியவர், 2012-ல் காலமாகும் வரையில் இந்த ஊரை விட்டுப் போகவே இல்லை. இதில் ஒரு வேடிக்கை. தேசத்துக்கே பால் வார்த்த அந்த மனிதருக்குப் பால் குடிக்கப் பிடிக்காது!

ஆனந்துக்கு அருகே கஞ்சரி என்ற இடத்தில் ஒரு மாட்டுத் தீவனத் தொழிற்சாலை இருக்கிறது. 1964 அக்டோபர் 31-ம் தேதி, சர்தார் படேலின் பிறந்த நாளில், அதைத் திறந்து வைக்க வந்தவர் பிரதம மந்திரி லால் பகதூர் சாஸ்திரி. யோசித்துப் பாருங்கள்: மாட்டுத் தீவனத்துக்கு ஒரு பிரதம மந்திரி! அவர் ஒரு நாள் முன்னதாகவே வந்து, அஜர்புரா என்ற கிராமத்தில் ஒரு விவசாயி வீட்டில் இரவு தங்கினார். தெருத்தெருவாக நடந்து, வீடு வீடாகப் பேசினார். மறுநாள் குரியனிடம் தம் சந்தேகத்தைக் கேட்டார். மண்ணும் மழையும் எருமையும் மற்ற மாகாணங்களைவிட இங்கே அப்படி ஒன்றும் உசத்தியாகத் தெரியவில்லையே, பிறகு இங்கே மட்டும் எப்படி வெற்றி என்று. பண்ணை விவசாயிகளுக்கே சொந்தம். அவர்களுக்கு வேண்டியதைச் செய்யாமல் இருக்க முடியாது என்பது குரியனின் பதில். இந்தப் பேச்சிலிருந்துதான் 1965-ல் தேசிய பால் வள வாரியம் பிறந்தது. அதன் தலைமை அலுவலகமும் டெல்லியில் இல்லை, இதே ஆனந்தில்தான்.

"விவசாயிகளுக்கு வேண்டியது" என்றால் என்ன? முதலில் பாலுக்கு நல்ல விலை, அடுத்து மாட்டுக்கு வைத்தியம், மூன்றாவது தீவனம். கஞ்சரித் தொழிற்சாலையின் தீவனத்துக்கு 'அமுல் தாண்' என்று பெயர். இந்த மாதிரிக் கலப்புத் தீவனத்தில் தவிடு, பிண்ணாக்கு, மக்காச்சோளம், வெல்லப்பாகுக் கழிவு, தாது உப்பு எல்லாம் அரைத்துக் கலந்து, நீராவியில் பதமாக்கி, சின்னச் சின்னக் குச்சிகளாக அழுத்தி எடுக்கிறார்கள். குச்சியாக்குவதில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. பொடியாக வைத்தால், நம் வீட்டுக் குழந்தைகள் உப்புமாவில் முந்திரியைப் பொறுக்குவதுபோல், மாடும் பிடித்ததை மட்டும் பொறுக்கித் தின்றுவிடும்!

நாலு கட்டு வயிறு

மண்டலியின் வரிசையில் நின்ற ஒரு பென் எங்களைத் தம் வீட்டுக்கு அழைத்துப் போனார். ஐம்பது வயது இருக்கும். இரண்டு எருமை, ஒரு கலப்பினப் பசு. பசு கன்று போட்டு ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. "இந்தச் சமயத்தில் பால் ஏற வேண்டும். ஏறமாட்டேன் என்கிறது" என்றார். முகத்தில் கவலை தெரிந்தது. பேத்தி வெளியூரில் கல்லூரியில் படிக்கிறாளாம். அவள் படிப்புக்கு இந்தப் பசுவைத்தான் நம்பியிருக்கிறார்.

பேசிக்கொண்டே அலமாரியிலிருந்து ஒரு வெள்ளிக் காகிதப் பாக்கெட்டைக் கொண்டுவந்து காட்டினார். டவுனில் கால்நடை மருந்துக் கடையில் வாங்கியது. "இதைத் தீவனத்தில் கலந்தால் பால் கூடும் என்று கடைக்காரர் சொன்னார். உண்மையா?" என்று என்னைக் கேட்டார். பத்திரிகையிலிருந்து வந்தவளுக்கு எல்லாம் தெரியும் என்று எண்ணிவிட்டார், பாவம்! பாக்கெட்டின் பின்புறம் படித்தேன்: ஸெல்லுலேஸ், ஸைலனேஸ், அமிலேஸ். எல்லாம் என்ஸைம்கள். நம் பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் 'நொதி' என்று போட்டிருக்கும்.

நல்ல வேளையாக, எங்களுடன் ஒரு பெண் கால்நடை டாக்டர் வந்திருந்தார். அவர் நேராகப் பாக்கெட்டைப் பற்றிப் பேசவில்லை. முதலில் பசுவின் இடது விலாவில் கை வைத்துக் காட்டினார். "இங்கே ஒரு பெரிய அண்டா இருக்கிறது" என்றார்.

மாட்டின் வயிறு நாலு கட்டு வீடு. முதல் கட்டுதான் அந்த அண்டா. வளர்ந்த பசுவுக்கு நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். பசு புல்லைச் சரியாக மெல்லாமல் விழுங்கி அதில் போட்டுவிட்டு, சாவகாசமாகப் படுத்துக்கொண்டு, மறுபடி வாய்க்குக் கொண்டுவந்து அசைபோடுகிறது. ஒரு நாளில் ஆறு மணி முதல் எட்டு மணி நேரம் வரை இதே வேலை. அசைபோடும்போது சுரக்கும் உமிழ்நீர் மட்டுமே நாளைக்கு நூறு லிட்டர் அளவுக்கு இருக்கும் என்கிறார்கள்.

ஆச்சரியம் இனிமேல்தான். வைக்கோலின் உடம்பு ஸெல்லுலோஸ் என்ற நாரால் ஆனது. அதை ஜீரணிக்கும் சக்தி நமக்கு மட்டும் அல்ல, பசுவுக்கும் கிடையாது! அந்த அண்டாவுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஜீவராசிகள் கோடானுகோடி குடியிருக்கின்றன. ஒரு மில்லி நீரில் ஆயிரம் கோடி பாக்டீரியாக்கள். அவைதான் நாரைப் பிளந்து, புளிக்கவைத்து, அமிலங்களாக மாற்றுகின்றன. ஒருவகை அமிலம் பாலின் நெய்யாகிறது. இன்னொன்று ஈரலுக்குப் போய்ச் சர்க்கரையாகிப் பாலின் இனிப்பாகிறது. கடைசியில் அந்த ஜீவராசிகளே அடுத்த கட்டுக்குப் போய் ஜீரணமாகி, பசுவுக்குப் புரதமாகின்றன. நம் வீட்டு இட்லிமாவு ராத்திரியில் பொங்குகிறதே, அந்த மாதிரி ஒரு புளிப்பு வேலை, ராப்பகலாக, ஓய்வில்லாமல் நடக்கிறது.

"ஆகவே, நாம் பசுவுக்குத் தீவனம் போடுவதில்லை. பசுவுக்குள் இருக்கும் குடித்தனக்காரர்களுக்குச் சமையல் செய்கிறோம்" என்றார் டாக்டர்.

கூடாரத்தைத் தின்ற பூஞ்சை

அந்தக் குடித்தனக்காரர்களின் கத்தியும் அரிவாள்மணையும்தான் என்ஸைம்கள். இது ஏதோ ஆய்வுக்கூடச் சமாசாரம் என்று எண்ணிவிடாதீர்கள். வெறும் சோற்றை வாயில் வைத்து நெடுநேரம் மென்றால் தித்திக்கிறதே? அது உமிழ்நீரில் உள்ள அமிலேஸ் செய்யும் வேலை. கேழ்வரகை முளைகட்டி அரைத்த மாவில் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சினால், சாதாரண மாவுக் கஞ்சியைவிட இளகி நிற்கிறது. முளையில் பிறந்த அதே அமிலேஸ்தான் காரணம். கறி வேகாது என்று தோன்றினால் பப்பாளிக்காய்த் துண்டு போடும் சகோதரிகள் இருக்கிறீர்கள். பப்பாளிப் பாலில் உள்ள என்ஸைம் கறியை மிருதுவாக்குகிறது. ஆக, நம் சமையலறையில் நெடுங்காலமாக நடக்கிற காரியம்தான் இது.

ஆனால் ஸெல்லுலோஸை வெட்டும் என்ஸைம் எங்கிருந்து கிடைத்தது? இரண்டாவது உலக யுத்தத்தின்போது, பசிபிக் சமுத்திரத்தில் சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படை முகாம் போட்டிருந்தது. அந்த ஈரத்தில் பருத்தித் துணிக் கூடாரங்கள் இற்று விழுந்தன. எதிரியின் குண்டால் அல்ல, ஒரு பூஞ்சையால்! பருத்தி என்பதே ஸெல்லுலோஸ்தானே? இந்தத் துணிக் கொள்ளைக்காரனைப் பிடித்து ஆராய்ந்தார்கள் அமெரிக்க ராணுவ விஞ்ஞானிகள். அவர்களில் முக்கியமானவர்கள் எல்வின் ரீஸ் என்பவரும் மேரி மாண்டல்ஸ் என்ற பெண்மணியும். கூடாரத்தைக் காப்பாற்ற ஆரம்பித்த ஆராய்ச்சி, அந்தப் பூஞ்சையையே வளர்த்து என்ஸைம் கறக்கும் தொழிலுக்கு வழி காட்டியது. பூஞ்சைக்கு ரீஸின் பெயரையே சேர்த்து 'டிரைக்கோடெர்மா ரீஸி' என்று வைத்துவிட்டார்கள். துணி, காகிதம், தீவனம் என்று இன்று பல தொழில்களுக்கு அதன் என்ஸைம் உதவுகிறது.

கோழித் தீவனத்தில் என்ஸைம் சேர்ப்பது இன்று சகஜமாகிவிட்டது. கோழிக்கு அண்டா வயிறு இல்லை. வெளியிலிருந்து உதவி தேவைப்படுகிறது. மாட்டுக்கு இது எதற்கு என்று விஞ்ஞானிகள் வெகு காலம் சந்தேகப்பட்டார்கள். உள்ளே கோடானுகோடி ஜீவன்கள் இதே என்ஸைமைச் சுரந்துகொண்டிருக்கும்போது, வெளியிலிருந்து ஒரு கரண்டி போடுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதையல்லவா? அது மட்டுமா? என்ஸைமும் ஒரு புரதம்தான். உள்ளே இருப்பவர்கள் அதையே தின்று ஏப்பம் விட்டுவிடுவார்களே!

1990-களில் இந்த எண்ணம் சற்று மாறியது. மாடு தின்பதற்கு முன்பே என்ஸைமைத் தீவனத்தின்மேல் தெளித்து வைத்தால், அது நாரில் ஒட்டிக்கொண்டு கொஞ்சம் வேலையை முன்கூட்டியே தொடங்கிவிடுகிறது. வயிற்றுக்குள்ளும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கிறது என்று சில சோதனைகளில் தெரிந்தது. சில பண்ணைகளில் பால் ஏறியது. வேறு சில பண்ணைகளில் அதே மாதிரி கொடுத்தும் ஒரு சொட்டுகூட ஏறவில்லை. கன்று போட்ட புதிதில், நிறையக் கறக்கும் பசுக்களிடம் பலன் தெரிவதற்கு வாய்ப்பு அதிகம். வைக்கோலை மரம்போல் இறுக்கிப் பிடித்திருக்கும் லிக்னின் என்ற பசையை இந்த என்ஸைம்களால் ஒன்றும் செய்ய முடியாது. சூடு பட்டாலும் வீணாகிவிடும். கொதிக்கும் பாலில் உறை ஊற்றினால் தயிர் தோய்வதில்லை அல்லவா, அதுபோல!

முதலில் தண்ணீர்

இதையெல்லாம் பொறுமையாகக் கேட்ட அந்த பென், "அப்படியானால் என் பாக்கெட் பொய்யா, நிஜமா? ஒன்றைச் சொல்லுங்கள்" என்றார். நியாயம்தானே? அவர் கொடுத்தது தம் சொந்தக் காசு.

டாக்டர் பதில் சொல்லவில்லை. ஒரு நாடாவை எடுத்துப் பசுவின் நெஞ்சுச் சுற்றளவை அளந்தார். உயரம், நீளம் பார்த்தார். காதில் மஞ்சள் வில்லை தொங்குகிறது. அதில் பன்னிரண்டு இலக்க எண். ஆமாம், நமக்கு ஆதார் இருப்பதுபோல் அதற்கும்! எண்ணைக் கைக்கருவியில் தட்டி, எவ்வளவு பால், எவ்வளவு நெய்ச்சத்து, வீட்டில் என்னென்ன தீவனம் இருக்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். தேசிய பால் வள வாரியம் வகுத்த முறை இது. விலை உயர்ந்த எதையும் தேடிப் போகாமல், வீட்டிலும் ஊரிலும் கிடைப்பதை வைத்தே எதை எத்தனை கிலோ போட வேண்டும் என்று கணக்குச் சொல்லிவிடுகிறது. கிராமத்திலேயே ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து, அவர் வீடு வீடாகப் போய் இதைச் செய்யும்படி ஏற்பாடு பண்ணினார்கள்.

கணக்கு வந்தது. பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு தாராளம். வைக்கோல் வேண்டிய மட்டும். பசும்புல் பெயருக்குத்தான். தாது உப்புக் கலவை இல்லவே இல்லை. "தண்ணீர்?" என்று கேட்டார் டாக்டர்.

"காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை காட்டுகிறேன்."

டாக்டர் சிரித்துவிட்டார். "அம்மா! பாலில் நூற்றுக்கு எண்பத்தேழு பங்கு தண்ணீர். நீங்கள் அதைக் கொடுக்காமல் மாடு எங்கிருந்து கொண்டுவரும்? எப்போதும் எட்டுகிற இடத்தில் தண்ணீர் இருக்கட்டும். புல்லை நறுக்கிப் போடுங்கள். தினம் ஒரு கைப்பிடி தாது உப்பு. கன்று போட்ட பசுவுக்குப் பால் ஏற ஏறத்தான் தீவனமும் ஏற வேண்டும். கறவைப் பசுவுக்கு இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ கலப்புத் தீவனம் என்பது பொதுக் கணக்கு. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். உள்ளே இருக்கிற குடித்தனக்காரர்களுக்குப் புதுச் சமையல் பழக வேண்டும்."

"பாக்கெட்?"

"வாங்கியது வாங்கியாயிற்று. தொட்டி சரியாகி, பால் நிலைத்த பிறகு போட்டுப் பாருங்கள். தீவனத்தைக் கொஞ்சம் ஈரமாக்கி, மேலே தூவி, சற்று ஊறவிட்டுக் கொடுங்கள். ஒரு மாதம் போடுங்கள். ஒரு மாதம் நிறுத்துங்கள். மண்டலிச் சீட்டுகளை வரிசையாகக் கோத்து வையுங்கள். பாக்கெட்டுக்குக் கொடுத்த காசைவிடப் பாலில் வந்த காசு அதிகமா என்று அந்தச் சீட்டே சொல்லிவிடும். கடைக்காரரும் சொல்ல வேண்டாம், நானும் சொல்ல வேண்டாம்."

மண்டலியில் பார்த்த சீட்டு ஞாபகம் இருக்கிறதல்லவா? ஒரு நாளைக்கு இரண்டு தடவை, லிட்டரும் நெய்ச்சத்தும் எழுதிய சீட்டு! பெரிய பெரிய ஆராய்ச்சி நிலையங்களில் என்ன செய்கிறார்களோ, அதையே இந்த முக்காடு போட்ட அம்மாள் தம் கொல்லையில் செய்ய முடியும். தம் பாலைத் தாமே அளந்து வைத்திருப்பவரை யாரும் எளிதில் ஏமாற்றிவிட முடியாது.

நம் வீட்டு வாசலில்

ஆனந்திலிருந்து திரும்பிய பிறகு நம் ஊர்த் தெருவில் நிற்கும் பசுவைப் பார்க்கும்போதெல்லாம் அந்த அண்டா ஞாபகத்துக்கு வருகிறது. வெள்ளிக்கிழமையும் அமாவாசையும் நாம் பசுவுக்கு ஏதாவது கொடுக்கிறோம். அகத்திக்கீரை கொடுங்கள். நம் பாட்டிமார் வகுத்த வழக்கம் எவ்வளவு நல்லது என்று விஞ்ஞானமும் ஒப்புக்கொள்கிறது. புரதம் நிறைந்த கீரை அது. வாழைப்பழத் தோல் கொடுங்கள். ஆனால் கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றையும், மாட்டுப் பொங்கலன்று பானை நிறையப் பொங்கலையும் புண்ணியம் என்று எண்ணிக் கொட்டாதீர்கள். நிறையச் சோறு ஒரேயடியாக உள்ளே போனால் வயிற்றில் புளிப்பு அளவு கடந்து, நாரைத் தின்னும் ஜீவன்கள் மடிகின்றன. மாடு தீனி எடுக்காமல் படுத்துவிடுகிறது. உயிரே போவதும் உண்டு. ஒரு பிடி பொங்கல் போதும், அன்பு குறைந்துவிடாது. அந்தச் சோற்றைப் பிளாஸ்டிக் பையோடு கட்டி எறிவதை மட்டும் கனவிலும் செய்யாதீர்கள். எந்த என்ஸைமும் அதைக் கரைக்காது.

போன வாரம் மாமியிடமிருந்து போன் வந்தது. அந்தப் பசுவுக்குப் பால் ஏறியிருக்கிறதாம்! "தண்ணியாலயா, தாது உப்பாலயா, பாக்கெட்டாலயான்னுதான் தெரியலை. டாக்டர் ஒண்ணொண்ணா மாத்தச் சொன்னா. இவர் ஆசையிலே மூணையும் சேர்த்து ஆரம்பிச்சுட்டார். டாக்டர் தலையிலே அடிச்சுண்டார்" என்று மாமி சிரித்தார்.

பேத்தியின் அடுத்த தவணைப் பணம் கட்டியாகிவிட்டதாம். இந்த மாதம் பாக்கெட்டை மட்டும் நிறுத்திவிட்டு, அந்த பென் சீட்டுகளை ஒரு கம்பியில் வரிசையாகக் கோத்துக்கொண்டு வருகிறார். முடிவு தெரிந்ததும் மாமி எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார்.